குவைத்திலிருந்து சுகமாய்த் திரும்பிய அக்கா

முதல் அறிகுறி கொட்டாவி.

சித்திரை மாதத்து மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு நான் வழக்கம்போல ஒரு கதையை அளந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கொட்டாவி விட்டாள். ஒரு நிமிடத்தில் இன்னொன்று. கதை முடிவதற்குள் ஏழெட்டு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. வெளியே தார் உருகும் வெயில். அவள் கையில் மட்டும் மயிர்க்கால்கள் குளிரில் நிற்பதுபோல் குத்திட்டு நின்றன. கால்கள் தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தன.

"யக்கா, என் கதை அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் முட்டியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கைக்குக் கீழேயும் கால் ஆடியது. சளி பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து சுக்கு, மிளகு தட்டி நானே கஷாயம் போட்டுக் கொடுத்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தேன். நோய்தான் வேறு.

உங்கள் வீட்டில் யாராவது வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து, திடீரென்று ஒரு நாள் இப்படிக் கொட்டாவியும் மூக்கொழுகலும் நிற்காத காலுமாக இருந்தால், கஷாயத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விலகல் அறிகுறி (உடம்பு பழகிப்போன மருந்து கிடைக்காதபோது படும் பாடு) என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் தெரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்துக்குள் அக்கா ஜெயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

என் தொழில் பேச்சு. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு முத்தையாபுரத்திலிருந்து ஆத்தூர் வரை அறிவிப்புச் செய்வேன். கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், மின்தடை, மரண அறிவிப்பு. ஊரில் என்னை மைக் சாமு என்பார்கள். யார் செத்தாலும் குடும்பத்துக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். என் வீட்டில் ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது மட்டும் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

அக்கா பெயர் எஸ்தர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் கல்யாணத்தில் மைக் பிடித்தவன் நான்தான். மாப்பிள்ளைக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. இணைபிரியாத ஜோடி என்று ஐந்து தடவை சொன்னேன். என் வாயால் செய்த பொய் அறிவிப்புகளில் அது முதலாவது.

அதற்குப் பிறகு அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். படியில் தடுக்கினாள். ஸ்டூலிலிருந்து விழுந்தாள். எங்களுக்குச் சொல்லப்பட்டது அப்படித்தான். "உங்க வீட்ல ஸ்டூலத் தூக்கிப் போடுக்கா, அதான் உனக்குச் சத்துரு" என்று நான் கேலிகூடச் செய்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மாப்பிள்ளை கதவைத் தாழ்போட்டுவிட்டு அடித்ததில் காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) முறிந்தது. கையைக் கழுத்தோடு துணித் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று வெகுகாலம் கழித்து டாக்டரிடம் சொன்னாள். "எலும்பு வலிக்கு இல்ல டாக்டர். அதப் போட்டா தாழ்ப்பாள் சத்தம் கேக்காது."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கிடையாது. அவள் வந்த நாளிலிருந்து எந்தக் கதவையும் அவள் தாழ்போட்டதே இல்லை, குளிக்கும்போதுகூட. நானும் அம்மாவும் குளியலறைப் பக்கம் போகும்போது இருமிக்கொண்டே போவோம். அதையும் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருமல் என்று.

பிறகு அவள் மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் சிலருக்கு அந்த மாத்திரை பழக்கமாக இருந்தது. வேன் ஓட்டும் ஒருவன் கொண்டுவந்து தருவான். தனக்கு வேண்டியதை அவனிடம் வாங்க, மற்றவர்களுக்கு உரியதை இவள் சுமக்க வேண்டும் என்று ஆயிற்று. டிபன் கேரியரின் அடி அடுக்கில் மாத்திரை அட்டை. மேல் அடுக்கில் அம்மா வைத்த புளிக்குழம்பு. போலீஸ் மூன்று அடுக்கையும் திறந்து பார்த்தது.

செய்தி போனில் வந்தபோது நான் ஒரு ஜவுளிக் கடையின் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் தள்ளுபடியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினேன். காதுக்கு வந்த செய்தி என் வாய்க்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்.

பெண்கள் சிறையில் மூன்று மாதம். முதல் வாரம் அவள் பட்ட பாட்டைப் பிறகுதான் சொன்னாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, சிமெண்டுத் தரையில் நிலைகொள்ளாமல் உதைத்துக்கொண்ட கால்கள். சிறை டாக்டர் மருந்து கொடுத்தார். கணவனை வெட்டிவிட்டு உள்ளே வந்த ஒரு பெண் மூன்று நாள் அவள் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

"அங்கன பாதிப் பேரு கதை என் கதைதாம்ல சாமு. ஊரும் பேரும்தான் வேற. ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பல்லு. மொதல்ல அடி, பொறவு மருந்து, பொறவு கேஸு."

 

இனி குவைத்து விஷயத்துக்கு வருகிறேன். அது நோய் இல்லை என்று நினைப்பீர்கள். டாக்டர் அதையும் சேர்த்துத்தான் நோய் என்றார்.

அக்காவைப் பிடித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், தண்ணீர்க் குழாயில் கிரேஸ் சித்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கிரேஸ் சித்தி எங்கள் எதிர்வீடு. நல்ல மனுஷி, கேள்விதான் அதிகம். "எங்க எஸ்தரக் காணல?" என்றிருக்கிறாள். அம்மா வாயிலிருந்து, "குவைத்துக்குப் போயிருக்கா. ஒரு வீட்டு வேலைக்கி" என்று வந்துவிட்டது.

அம்மா சொன்னது அந்த ஒரு வரிதான். மாளிகை கட்டியவன் நான். அரபி வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன பேர், எஸ்தர் வைத்த கருவாட்டுக் குழம்பை அரபி எப்படி ரசித்தார், எல்லாம் சொன்னேன். ஒரு நாள் குவைத்தில் நல்ல மழை என்றுகூடச் சொல்லிவிட்டேன். கிரேஸ் சித்தி அன்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. தவறினால் ஜாமீனை ரத்து செய்யலாம். வக்கீல் இதை மூன்று தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் மூன்று தடவை சொல்லத் தோன்றும்.

சிறையிலிருந்து நேராக வீட்டுக்கு வர முடியுமா? குவைத்திலிருந்தல்லவா வர வேண்டும். பஜாரில் ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கினேன். கப்பலில் வேலை பார்க்கும் நண்பனிடம் விமானத்தில் பெட்டிக்கு ஒட்டும் பழைய சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் கைப்பிடியில் சுற்றினேன். தெருவில் எல்லோருக்கும் கொடுக்க வெளிநாட்டுச் சாமான் கடையில் சோப்பு, பேரீச்சை, தலைவலித் தைலம். சிறை வாசலில் ஆட்டோவுக்குள் இதையெல்லாம் பார்த்த அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். முத்தையாபுரம் நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றுபோனது. கால் ஆட ஆரம்பித்தது.

"சாமு, நான் எவ்வளவு நாள் குவைத்துல இருந்துட்டு வந்தவளா இருக்கணும்?"

"நீ மறக்கிற வரைக்கும்" என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கு நினைப்பு.

சிறை டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அரசு மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவுக்கு உடனே போகச் சொல்லி. நாங்கள் போகவில்லை. குவைத்திலிருந்து வந்தவளுக்கு அந்த வரிசையில் என்ன வேலை? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? அந்தச் சீட்டு சூட்கேசின் உள்பையிலேயே கிடந்தது. இதைப் படிக்கிறவர்கள் என்னை எதற்கு வேண்டுமானாலும் மன்னிக்கலாம். இதற்கு மட்டும் வேண்டாம்.

தினமும் பத்து மணிக்கு ஆட்டோவை எடுப்போம். தெருவில் கேட்டால் பாஸ்போர்ட் விஷயம் என்போம். உலகத்திலேயே இருபது நாள் தொடர்ந்து பாஸ்போர்ட் விஷயமாகப் போனது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அவள் நிலையாக உட்கார மாட்டாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். துவைத்த துணியை மறுபடி துவைப்பாள். யாராவது குவைத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் கிரேஸ் சித்தி கேட்டாள், "வெளிநாட்ல இருந்து பிள்ள சுகமா வந்திருக்கா. ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை போடலியா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபையில் பிறந்தநாள், கல்யாணநாள், ஆபரேஷன், பயணம் எதுவானாலும், நல்லபடி முடிந்ததற்கு நன்றியாக ஒரு கவரில் காணிக்கை போட்டு, என்ன காரணம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்போம். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போடாமல் இருந்தால் அது ஒரு பேச்சாகும்.

சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டாள் அம்மா. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏலே, கர்த்தருக்குத் தெரியாதா?" என்றாள்.

"அவருக்குத் தெரியும்மா. கிரேஸ் சித்திக்குத்தான் தெரியாது."

அம்மா காணிக்கைக் கவரை எடுத்து வைத்தாள். "சுகமாத் திரும்புனது நெசந்தான. எங்க இருந்துங்கதுதான் வேற" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். குவைத்து தேசத்திலிருந்து சுகமாய்த் திரும்பிய எஸ்தருக்காக, என்று என் அறிவிப்புத் தமிழில் அழகாக எழுதினேன். அக்காவிடம் நாங்கள் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் பதினொரு மணி ஆராதனைக்குப் போனோம். போதகர் நல்லவர், எழுதியதை வாசித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். அந்நிய தேசத்துப் பாலைவனத்தில் எங்கள் சகோதரியைக் காத்து, எஜமானர்கள் கண்களில் தயை கிடைக்கச் செய்து, என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அக்கா உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

உடனே எழுந்து போயிருக்க வேண்டும். நடு ஆராதனையில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் படுத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. குறட்டைச் சத்தம் கேட்டது. "தூங்கட்டும்மா, ஜெயில்ல விட்ட தூக்கம்" என்றேன். மூன்று மணிக்கு அம்மா போய்ப் புரட்டிப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு, எண்ணி முடித்துவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும்படி வந்தது. கண் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. தலையணைக்குக் கீழே மாத்திரை அட்டை.

இதைப் பெரிதாக எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பில் தாங்குதிறன் (மருந்தைத் தாங்கப் பழகிய பலம்) இறங்கிப் போயிருக்கும். பழைய அளவு இப்போது மூச்சையே நிறுத்தும். ஜெயிலிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. மூச்சு அடைபடும் சத்தம். எழுப்பிப் பாருங்கள், எழவில்லை என்றால் ஓடுங்கள்.

ஓடினேன். பின்சீட்டில் அம்மா மடியில் அக்கா. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஹாரனை அடித்துப் பார்த்தேன். ஆட்டோ ஹாரனுக்கு எந்த லாரி அசையும்? மைக்கை எடுத்தேன்.

"வழி விடுங்க! எங்கக்கா மாத்திரையத் தின்னுட்டுச் சாகக் கிடக்கா! வழி விடுங்கய்யா!"

இரண்டு குழாயும் அலறின. பத்து வருடம் ஊரார் சேதியைச் சொன்ன ஸ்பீக்கரில் முதல் தடவையாக என் வீட்டுச் சேதி போயிற்று. லாரிகள் ஒதுங்கின. ஒரு கிளீனர் இறங்கி ஓடி முன்னால் போய் வழி எடுத்துக் கொடுத்தான். முழுத் தொண்டையில் அதையே சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். வாசலில் நின்ற காவலாளி, "அண்ணாச்சி, வந்துட்டிய, மைக்க அணைங்க" என்றார்.

மாற்று ஊசி (மாத்திரையின் வேகத்தை முறித்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து) போட்டார்கள். சில நிமிடங்களில் அக்கா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். வாந்தி எடுத்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "மணி என்னல? கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னைக்குப் போட்டாச்சுக்கா. நாளைக்குத்தான்."

அந்த நாளையைத்தான் தாண்ட முடியவில்லை. மூச்சு மறுபடி குறையலாம், உடம்பைக் கண்காணிக்க வேண்டும், வெளியே விட முடியாது என்றார்கள். ஸ்டேஷனுக்கு மருத்துவச் சான்று கொண்டுபோக வேண்டும். திங்கள் காலை மனநலப் பிரிவு டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"விஷக் காய்ச்சல்னு எழுதிக் கொடுங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நீங்க என்ன வேலை பாக்கீங்க?"

"மைக்ல அறிவிப்புச் செய்வேன் டாக்டர்."

"அப்ப அத நீங்களே அறிவிச்சுக்கிடுங்க. நான் எழுத மாட்டேன்."

வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் நீட்டி முழக்கவில்லை. "உண்மைய எழுதுனா போலீஸ் ஜாமீன ரத்து செய்யக் கேக்கலாம். சிகிச்சைக்கு வந்துட்டான்னு நாம கால அவகாசமும் கேக்கலாம். எது நடக்கும்னு என்னால இப்பச் சொல்ல முடியாது தம்பி."

மணி ஒன்பதே முக்கால். திரும்ப டாக்டரிடம் கெஞ்சப் போனேன். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, நாய்க்கடி என்று கையில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கால் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"டாக்டர், உள்ளதையே எழுதுங்க" என்றாள்.

"யக்கா, திரும்ப உள்ள போட்டுருவாங்க."

"போடட்டும். குவைத்து ஒண்ணு போதும்ல."

போதை அடிமை நோய்க்காக உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுகிறார் என்று டாக்டர் எழுதினார். பத்து இருபத்தைந்துக்கு அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தேன். அங்கே பதிவேடு எழுதும் ரைட்டர் இரண்டு தடவை வாசித்தார். பக்கத்தில் நின்ற பெண் காவலர் எட்டிப் பார்த்து, "ஒழுங்கா வந்துட்டு இருந்த பிள்ளையாச்சே" என்றார். ரைட்டர், "எதுன்னாலும் கோர்ட்ல சொல்லுங்க. இங்கன வராதது வராததுதான்" என்று எழுதிக்கொண்டார். இருபத்தொரு நாளில் முதல் தடவையாக அக்கா பெயருக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது.

வக்கீல் போட்ட மனுவை நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ள மூன்று நாள். அந்த மூன்று நாளும் வார்டு வாசலில் காக்கி நிறத்தில் யார் வந்தாலும், அது லிப்ட்காரராக இருந்தாலும், எழுந்து நின்றேன். லிப்ட்காரர் என்மேல் மிகுந்த மரியாதை வைத்துவிட்டார். நான்காம் நாள் வக்கீல் கூப்பிட்டார். அரசுத் தரப்பு ஆட்சேபித்ததாம். நீதிபதி சான்றை வாங்கிப் படித்துவிட்டு, சிகிச்சை முடியும்வரை கையெழுத்துக்கு விலக்கு, அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை, மாதாமாதம் மருத்துவ அறிக்கை என்று சொல்லிவிட்டாராம். விஷக் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் இரண்டு நாளில் தீர்ந்துபோயிருக்கும், தம்பி, அப்புறம் என்ன செய்திருப்பீர்கள் என்று வக்கீல் கேட்டார். நாய்க்கடியும் கைவசம் இருந்ததை நான் சொல்லவில்லை.

நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை ஒன்றைத் தொடங்கினார்கள் (ஏக்கத்தையும் விலகல் அவதியையும் அடக்கி வைக்கும், மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும்). ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா என்று அம்மா கேட்டாள். "சர்க்கரைக்கு நீங்க தினமும் போடுதீங்களே, அத மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். 

வாரம் இரண்டு நாள் டாக்டர் அக்காவுடன் பேசுவார். ஒரு நாள் என்னையும் உட்கார வைத்தார். அக்கா, தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தாழ் விழும் சத்தத்துக்கும் முதல் அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று. என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டூலைப் பற்றி ஏதோ சொல்லி இருவரையும் சிரிக்க வைத்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

வெளியே வந்த பிறகு டாக்டர் சொன்னார். "சாமுவேல், நீங்க சிரிக்க வைக்கிறது அவங்களுக்கு நல்லதுதான். ஆனா அவங்க சொல்ல வரும்போதெல்லாம் சிரிக்க வைக்காதீங்க. ஸ்டூல்ல இருந்து விழுந்தேன்னு சொன்ன அன்னைக்கும் நீங்க சிரிக்கத்தான வச்சீங்க?"

எனக்கு உள்ள விலகல் அறிகுறி என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து எங்கள் ஆலயத்தில் அசனம் வந்தது. சபை முழுவதற்கும் ஒரே பந்தியாகச் சமைத்துப் போடும் விருந்து. முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் பந்தலில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். அக்கா தானே வருகிறேன் என்றாள். பாயில் குவித்திருந்த சின்ன வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பந்தலுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதாவது பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிரேஸ் சித்திதான் ஆரம்பித்தாள். "ஏளா எஸ்தர், குவைத்துல வெங்காயம் இப்படித்தான் இருக்குமா, பெருசா இருக்குமா?"

அக்கா ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். "எனக்குத் தெரியாது சித்தி. நான் குவைத்துக்குப் போகல. ஜெயில்ல இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். அரிவாள்மணைகள் எல்லாம் நின்றன. அக்கா உரித்துக்கொண்டே சொன்னாள். அடி, எலும்பு, மாத்திரை, டிபன் கேரியர். எந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. கண்ணில் நீர் வடிந்தது. வெங்காயம் முன்னால் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும்தான் வடிந்தது. என் கையில் மைக் இருந்தது. ஒரு வேடிக்கையைச் சொல்லி அதை அந்த இடத்தோடு முடித்துவிட என் நாக்கு துடித்தது. ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லி முடித்ததும் கிரேஸ் சித்தி கேட்டாள். "அப்பம் அந்தச் சோப்பு?"

"சாமு பஜார்ல வாங்குனது."

"அடப் பாவி! பேத்தி கல்யாணத்துக்குன்னு பீரோவுல வச்சிருக்கேனே!"

அதற்கு அக்கா சிரித்தாள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. அக்காவுக்கு இடது பக்கம் இருந்த பெண் பாயைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். கிரேஸ் சித்தி அதைப் பார்த்துவிட்டு, தன் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்தாள்.  கேள்வி கேட்காத கிரேஸ் சித்தியை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஒரு திருமண மண்டபத்தில் இப்போது என்னை அறிவிப்புக்குக் கூப்பிடுவதில்லை. துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்கு அக்கா மனுப் போட்டாள்; காவல்துறைச் சான்று கேட்டார்கள், அதோடு நின்றுபோயிற்று. உப்புப் பாக்கெட் போடும் இடத்தில் எட்டு நாள் பார்த்துவிட்டு அவளே விட்டாள். அந்த அறைக்கு இரும்புத் தாழ்ப்பாள். நடுவில் ஒரு முறை மாத்திரை தேடிப் போய், வாங்காமல் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் பாயை நகர்த்திப் போட்டாளே, அந்தப் பெண் ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்தாள். தன் மகளுக்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அவள் மகள் பெங்களூரில் வேலை பார்ப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம்.

என் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு வாரத்தில் அக்கா மைக்கை எடுத்தாள். கண் சிகிச்சை முகாமை அவள் அறிவித்தபோது கேட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்று கேட்டார்கள். எனக்கு அப்படி யாரும் வந்ததில்லை. இப்போது பாதி நாள் அவள்தான் பேசுகிறாள். நான் ஓட்டுகிறேன். என் இயல்பான திறமை ஓட்டுவதில் இருந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள்.

கையெழுத்து இப்போது திங்கள்கிழமை மட்டும். ஆனாலும் தினமும் பத்தரைக்கு அவள் உடம்பு எழுந்துகொள்கிறது. எங்கே இருந்தாலும் கடிகாரம் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. கைவிரல்கள் பேனா பிடிப்பதுபோல் சேரும். அதனால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை அந்த நேரத்துக்கே வைத்துக்கொண்டோம்.

பத்தரைக்கு ஆட்டோவை ஏதாவது ஒரு நிழலில் நிறுத்துவோம். மைக்கை அணைப்பேன். அவள் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொள்வாள். அது கரைந்து முடிய ஏறக்குறைய பத்து நிமிடம். அதுவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. அவள் பேச முடியாதபோது நான் மட்டும் பேசினால் அது அறிவிப்பாகிவிடும் என்பதால் நானும் பேசுவதில்லை. பத்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. லாரிகள் போகும். அப்புறம் ஒன்றும் போகாது. மறுபடி போகும்.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். கீழே பலகையில் டகடகவென்று ஒரு சத்தம். அக்காவின் காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் செருப்புக்குள் அசையாமல் இருந்தன. ஆடிக்கொண்டிருந்தது என் கால்.

அவள் வாயைத் திறக்க முடியாது. கையை நீட்டி என் முட்டியில் வைத்து அழுத்தினாள்.